கடைமடைக்குத் தண்ணீர் போகாதது ஏன்?

அரசு கட்டும் ஒரு பாசனத் திட்டத்துக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று திறப்பு விழாக் கல்வெட்டில் இருப்பது: இத்தனை ஆயிரம் ஹெக்டேர் பாசனம் பெறும். இன்னொன்று வயலில் இருப்பது: தண்ணீர் நிஜமாகவே போய்ச் சேரும் பரப்பு. வளரும் நாடுகளில் இந்த இரண்டும் ஒத்துப்போகும் திட்டங்கள் குறைவு. அணை நிற்கிறது, அதில் தண்ணீரும் இருக்கிறது, வாய்க்காலும் வெட்டியாகிவிட்டது. அப்படியும் வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் இப்படி, இதைச் சரிசெய்ய எங்கெங்கே என்னென்ன செய்து பார்த்தார்கள்?

முதலில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துவிடலாம். உலகின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குத்தான் பாசன வசதி. ஆனால் உணவு உற்பத்தியில் சுமார் 40 சதவீதம் அந்த நிலத்திலிருந்து வருகிறது. ஆறு, ஏரி, நிலத்தடி என்று மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்கே போகிறது. 1950களிலிருந்து 1980கள் வரை ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க அரசுகள் அணைக்கும் கால்வாய்க்கும் பணத்தைக் கொட்டின. உலக வங்கி போன்றவை கடன் கொடுத்தன. அணை கட்டத் தோதான இடங்களில் பெரும்பாலும் கட்டியாகிவிட்டது. கட்டியதை ஒழுங்காக ஓட வைப்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் வேலை. சொல்லப்போனால் அதுதான் கஷ்டமான வேலையும்கூட.

தண்ணீர் போகும் வழி

அணையின் மதகிலிருந்து பிரதான கால்வாய் கிளம்புகிறது. அது கிளைக் கால்வாய்களாகப் பிரிகிறது. அவை பகிர்மான வாய்க்கால்களாக. அவை கடைசியில் வயல் வாய்க்கால்களாக. மேல்பகுதி அரசுத் துறையின் கையில், கீழ்ப்பகுதி விவசாயிகள் கையில். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன மதகோ குழாயோ இருக்கும். ஏறக்குறைய எல்லாச் சண்டையும் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

வழியில் எவ்வளவு தண்ணீர் கழிகிறது என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. அணையிலிருந்து 100 லிட்டர் கிளம்புகிறது. பெரிய கால்வாய்களில் கசிவும் ஆவியும் கால் பங்கைத் தின்றால் மிச்சம் 75. கீழ் வாய்க்கால்களில் அதில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 60. வயலில் பாய்ச்சும்போது 40 சதவீதம் வேருக்குக் கிடைக்காமல் போனால், பயிர் குடித்தது 36 லிட்டர். பழைய மண் வாய்க்கால்களை நம்பியிருக்கும் திட்டங்களில் இது நடக்கக்கூடிய கணக்குதான்.

இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றே: வாய்க்காலுக்கு சிமென்ட் பூசிவிடலாமே? பூசலாம். பல இடங்களில் பூசவும் செய்தார்கள். ஆனால் அந்த 36 லிட்டர் 45 ஆனாலும் கடைமடைக்காரருக்கு ஒரு சொட்டுகூட அதிகம் கிடைக்காமல் போகலாம். மிஞ்சிய தண்ணீரையும் வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடையே எடுத்துக்கொள்ளும். வீணாவது ஒரு பிரச்சினை, பங்கு பிரிவது வேறு பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் நிறையப் பணம் வாய்க்காலோடு போனது என்பது என் எண்ணம்.

நன்றாக ஓடுகிறது என்றால் என்ன?

ஒரு திட்டம் நன்றாக இயங்குகிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். தேவையான அளவு கிடைக்கிறதா? தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறதா? சொன்ன நாளில் கிடைக்கிறதா?

இந்த மூன்றில் அதிகம் கவனிக்கப்படாதது மூன்றாவது. கொஞ்சம் குறைவாக வந்தாலும் இந்த நாளில் கட்டாயம் வரும் என்று தெரிந்தால், விவசாயி அதற்கேற்ற பயிரைத் தேர்ந்தெடுப்பார், உரத்துக்குக் காசு போடுவார், ஆள் ஏற்பாடு செய்வார். எப்போது வரும் என்றே தெரியாத தண்ணீர், மொத்தத்தில் நிறைய வந்தாலும், அவருக்குப் பாதிதான் பயன். நெல் பூக்கும் சமயத்தில் பத்து நாள் காய்ந்துபோய்ப் பதினோராம் நாள் வெள்ளமாக வந்தால் வருடக் கணக்கில் அது சராசரி அளவாகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் கதிர் பதராகியிருக்கும்.

தலைமடைக்காரர் ஏன் அதிகம் எடுக்கிறார் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். அடுத்த தண்ணீர் எப்போது என்று அவருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம். தெரியாதபோது, வாசலில் ஓடும்போதே வயலை நிரப்பி வைப்பது புத்திசாலித்தனம். அப்புறம் நெல், கரும்பு என்று தண்ணீர் அதிகம் கேட்கும் பயிரை வைப்பார். திட்டம் வகுத்தவர்கள் சிக்கனப் பயிருக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். வாய்க்காலின் முதல் பாதியிலேயே தண்ணீர் தீர்ந்துவிடும்.

கட்டு, கைவிடு, மறுபடி கட்டு

வாய்க்காலில் வண்டல் சேரும், கரை சரியும், மதகுத் திருகு துருப்பிடிக்கும், புல் முளைக்கும். வருடாவருடம் தூர்வாரிச் சரிசெய்தால் செலவு சின்னது. அதைச் செய்வதில்லை. பதினைந்து இருபது வருடத்தில் திட்டம் பாதி செத்துப்போகும். அப்போது பெரிய கடன் வாங்கிப் புனரமைப்பு என்று ஒரு புதுத் திட்டம் போடுவார்கள். இந்தச் சக்கரம் பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறது.

சூடானின் கெசீரா திட்டத்தை நினைத்துப் பாருங்கள். நீல நைலில் சென்னார் அணை கட்டி 1925-ல் தொடங்கியது. இன்று 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல். உலகின் மிகப் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. எத்தியோப்பிய மலையிலிருந்து வரும் ஆறு மண்ணையும் சேர்த்தே கொண்டுவருகிறது. தூர்வாருவதில் சுணக்கம் வந்தால் வாய்க்கால் மேடாகிவிடும், தண்ணீர் முன்னே நகராது. வருடாந்திரப் பராமரிப்பு அங்கே உயிர்நாடி.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை? கட்டுமானத்துக்கு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, ஒப்பந்தம் உண்டு. புல் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கடன் தரும் நிறுவனங்களும் நெடுங்காலம் கட்டுவதற்குத்தான் கடன் தந்தன. பராமரிப்பு அரசின் சொந்தச் செலவு. பட்ஜெட் சுருங்கினால் முதலில் வெட்டப்படுவது அதுதான், சம்பளத்தை வெட்ட முடியாதே. தண்ணீருக்கான தீர்வை பல இடங்களில் மிகக் குறைவு. அதையும் வசூலித்துப் பொதுக் கஜானாவில் போட்டுவிடுவார்கள். தீர்வை கட்டிய விவசாயியின் வாய்க்காலுக்கு அது திரும்பி வராது. அப்படியிருக்க அவர் ஏன் கட்ட வேண்டும்?

இதில் கறுப்புப் பக்கமும் ஒன்று இருக்கிறது. ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தை ஆராய்ந்து 1982-ல் வெளியிட்ட ஆய்வில் சொன்னது இது: பாசனப் பதவிகளுக்கே ஒரு விலை இருந்தது. இடமாற்றத்துக்குப் பணம் கொடுத்து வந்தவர் அதை மீட்டாக வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு வழி, தண்ணீர் தரக் காசு வாங்குவது இன்னொரு வழி. தண்ணீர் எப்போது வரும் என்பது உறுதியாகிவிட்டால் யாரும் லஞ்சம் தர வேண்டியதில்லை. எனவே நிச்சயமின்மை சிலருக்கு லாபமாகவே இருந்தது. பொறியாளர்களை ஒட்டுமொத்தமாகத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டுக்குள் நல்ல மனிதர் வந்தாலும் என்ன செய்துவிட முடியும் என்பதுதான் கேள்வி.

நேபாளத்து மரக்கிளை அணைகள்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு நேபாளத்திலிருந்து வந்தது. பொதுச் சொத்துகளை மக்கள் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் அவருடைய குழுவினரும், அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சில அரசு கட்டியவை: ஆற்றின் குறுக்கே கான்கிரீட் தடுப்பு, ஷட்டர், பொறியாளர். மற்றவை விவசாயிகளே தலைமுறையாகக் கட்டி நடத்துபவை: கல், மரக்கிளை, மண் போட்டு ஒரு தடுப்பு, அவ்வளவுதான். கடைமடைக்குத் தண்ணீர் போவதிலும் விளைச்சலிலும் முந்தி நின்றவை பொதுவாக இந்த இரண்டாவது வகைதான்.

காரணம் யோசிக்க யோசிக்கச் சுவையானது. மரக்கிளைத் தடுப்பு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அடித்துக்கொண்டு போகும். திரும்பக் கட்ட நிறைய ஆள் வேண்டும். தலைமடைக்காரர்கள் மட்டும் சேர்ந்தால் போதாது, கடைமடையிலிருந்தும் ஆள் வந்தாக வேண்டும். "எனக்குத் தண்ணீர் தந்தால்தான் வேலைக்கு வருவேன்" என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருக்கிறது. கான்கிரீட் தடுப்பு வந்ததும் அது உடைவதில்லை, ஆளும் தேவையில்லை. தலைமடைக்குக் கடைமடையின் உதவி இனி வேண்டாம். பொறியியல்படி முன்னேற்றம், ஆனால் கடைசியில் இருப்பவரின் பேரம் பேசும் பலம் அந்த கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்துவிட்டது.

கான்கிரீட் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. தண்ணீர் விடுபவருக்கு, தண்ணீர் வாங்குபவரின் தயவு ஏதாவது ஒரு வகையில் தேவைப்பட வேண்டும். இயற்கையாக அந்தத் தேவை இல்லாத பெரிய திட்டத்தில் அதைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். கடந்த ஐம்பது வருடச் சீர்திருத்தங்களை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எது ஓடியது, எது நின்றது என்று ஓரளவு விளங்கும்.

கல்லோயா: ஆள் வைத்துத் தொடங்கியது

இலங்கையின் கல்லோயா, சுதந்திரத்துக்குப் பிறகு அந்நாடு எடுத்த முதல் பெரிய பாசனக் குடியேற்றத் திட்டம். 1970களின் கடைசியில் அதன் இடதுகரைப் பகுதி நாட்டிலேயே மோசமாகச் சீர்குலைந்த திட்டங்களில் ஒன்று எனப் பெயர் வாங்கியிருந்தது. உடைந்த மதகுகள், நம்பிக்கை இழந்த அதிகாரிகள், ஒருவரை ஒருவர் குறை சொல்லும் விவசாயிகள். போதாக்குறைக்கு, மேல்பகுதியில் சிங்களவர்கள், கீழ்ப்பகுதியில் தமிழ் பேசுபவர்கள்.

அங்கே ஒரு வித்தியாசமான முயற்சி நடந்தது. விவசாய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும், நார்மன் அப்ஹாஃப் முதலான கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாக 1981-ல் அனுப்பினார்கள். அவர்கள் விவசாயிகளோடு தங்கினார்கள், வீடு வீடாகப் பேசினார்கள். பெரிய சங்கம், சட்ட விதி என்று ஆரம்பிக்கவில்லை. ஒரே வயல் வாய்க்காலைப் பங்கிடும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, "நம்மால் இப்போதே செய்ய முடிந்தது எது?" என்று கேட்டார்கள். அந்த வருடம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைவு. விவசாயிகளே வாய்க்காலைச் சுத்தம் செய்து, முறை வைத்துப் பாய்ச்சி, மிஞ்சியதைக் கீழே அனுப்பத் தொடங்கினார்கள். சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். நாடு இனக் கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை.

அதிகாரிகளும் மாறினார்கள் என்பது கவனிக்க வேண்டியது. எதிரில் ஒழுங்கான ஒரு குழு வந்து, எந்த மதகு உடைந்திருக்கிறது, எங்கே குழாய் தவறான உயரத்தில் இருக்கிறது என்று சொன்னபோது, பொறியாளர்களுக்கு அது பயனுள்ள தகவல். 1988-ல் விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு நிர்வகிப்பதை இலங்கை அரசு தேசியக் கொள்கையாகவே ஏற்றது.

காசு எந்தப் பக்கம் போகிறது?

இரண்டாவது வழி பணம். பிலிப்பைன்ஸின் தேசியப் பாசன நிர்வாகம் 1963-ல் உருவானது. 1970களில் அதன் விதி மாறியது: விவசாயிகளிடம் வசூலிக்கும் கட்டணத்தை அதுவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இயக்கச் செலவுக்கான அரசு மானியம் படிப்படியாக நின்றுவிடும். உடனே நிலைமை தலைகீழ். விவசாயி திருப்தியாக இல்லையென்றால் கட்டணம் வராது, கட்டணம் வராவிட்டால் சம்பளம் இல்லை. விவசாயிகளின் சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசுவது அதிகாரிகளுக்கே தேவையாகிவிட்டது. அமைப்பாளர்களை அனுப்பிச் சங்கம் வளர்க்கும் முறையையும் அவர்களே முன்னெடுத்தார்கள்.

பிறகு 2018-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது: 8 ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களுக்குப் பாசனம் இலவசம். ஏழை விவசாயிக்கு நிம்மதிதான், மறுக்க முடியாது. ஆனால் கட்டணத்தோடு சேர்ந்து அந்தப் பிடியும் தளர்கிறது. இலவசமாக வாங்கியதைப் பற்றி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மெக்சிகோ இன்னும் ஒரு படி மேலே போனது. 1980களின் கடன் நெருக்கடியில் அரசிடம் பராமரிப்புக்குப் பணம் இல்லை. 1989-ல் தேசிய நீர் ஆணையம் அமைத்து, பெரிய பாசன மாவட்டங்களை விவசாயிகள் சங்கங்களிடம் ஒப்படைக்க ஆரம்பித்தது. சங்கம் கட்டணம் வசூலிக்கும், மதகு திறக்கும் ஆளைத் தானே வேலைக்கு வைத்துக்கொள்ளும். தண்ணீர் வராவிட்டால் அந்த ஆளை மாற்றலாம். கட்டணம் நன்றாகவே உயர்ந்தது. அங்கே இது முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு: அந்த மாவட்டங்களில் சந்தைக்காக விளைவிக்கும் வசதியான விவசாயிகள் கணிசம். அரை ஹெக்டேர் வைத்துச் சாப்பாட்டுக்கு விளைவிப்பவரிடம் அதே கட்டணத்தைக் கேட்க முடியாது. இதைக் கவனிக்காமல் மெக்சிகோ மாதிரியை அப்படியே பெயர்த்து நடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு.

பெயருக்கு ஒப்படைப்பதும் நடக்கும். ஆந்திரப் பிரதேசம் 1997-ல் சட்டம் போட்டு, ஒரே வீச்சில் 10,000-க்கும் மேற்பட்ட நீர்ப் பயன்பாட்டாளர் சங்கங்களுக்குத் தேர்தல் நடத்தியது. துணிச்சலான காரியம். பழுது பார்க்கப் பணமும் வந்தது, வாய்க்கால்கள் பல சீராயின. ஆனால் மதகு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது பெரிதாக மாறவில்லை; ஊழியர்கள் துறையின் ஊழியர்களாகவே தொடர்ந்தார்கள் என்பது அதன் மீதான முக்கிய விமர்சனம். மேலிருந்து வரும் பணத்தைச் செலவழிக்கும் சங்கம் ஒரு ஒப்பந்ததாரர் குழுவாக மாறிவிடுவது சுலபம்.

மாலி நாட்டின் ஆஃபிஸ் து நிஜேர் கதை நம்பிக்கை தருவது. பிரெஞ்சுக் காலனி அரசு 1932-ல் தன் ஆலைகளுக்குப் பருத்தி விளைவிக்கத் தொடங்கிய திட்டம் அது. ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் என்று கனவு கண்டார்கள், நிறைவேறியது அதில் சிறு பங்கு. விளைந்த நெல்லை அரசுக்கே விற்க வேண்டிய கட்டாயம். ஹெக்டேருக்கு 2 டன் அளவில் விளைச்சல் தேங்கிக் கிடந்தது. 1980களில் நெல் வியாபாரம் சுதந்திரமானது, வாய்க்கால்களும் வயல்களும் சீரமைக்கப்பட்டன, நாற்று நடும் முறை பரவியது. 1994-ல் நிர்வாகத்தைச் சுருக்கி, அரசு, நிர்வாகம், விவசாயிகள் என முத்தரப்பு ஒப்பந்தம் வந்தது. தண்ணீர்க் கட்டணத்தைப் பராமரிப்புக்கு எப்படிச் செலவழிப்பது என்பதில் விவசாயிகளுக்கும் பேச்சு கிடைத்தது. விளைச்சல் ஹெக்டேருக்கு 5 டன்னைத் தாண்டியது. இதில் எந்தப் பங்கு வாய்க்காலுக்கு, எந்தப் பங்கு சந்தைக்கு என்று பிரிக்க முயல்வது வீண். நெல்லுக்கு நல்ல விலை இல்லாத இடத்தில் எந்த விவசாயியும் வாய்க்கால் தூர்வார வரமாட்டார்.

கடிகாரம் ஒரு நல்ல மதகு

எளிய விதிகளுக்கும் பலம் உண்டு. இந்திய, பாகிஸ்தான் பஞ்சாப் பகுதிகளில் ‘வாராபந்தி’ என்ற முறை இருக்கிறது. ஒரு மதகின் கீழுள்ள எல்லா நிலத்துக்கும் வாரத்தின் 168 மணி நேரத்தைப் பரப்புக்கு ஏற்பப் பிரித்துவிடுவார்கள். மதகின் கீழ் 100 ஹெக்டேர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1 மணி 41 நிமிடம். செவ்வாய் இரவு 2 மணிக்கு உங்கள் முறை என்றால் அப்போதுதான். போய் வாய்க்காலைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். பயிரின் தேவையை இது கேட்பதில்லை, அது குறை. ஆனால் யார் எவ்வளவு எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். திருட்டைக் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் போதும்.

கால்வாய் கைவிட்ட இடங்களில் விவசாயிகள் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தப்பித்தார்கள். இன்று பல ஆயக்கட்டுகளில், அதாவது கால்வாய்ப் பாசனப் பரப்புகளில், வாய்க்காலைவிடக் கிணறுதான் நம்பகம். நினைத்த நேரம் தண்ணீர். அதே சமயம் வாய்க்காலில் கசிந்த தண்ணீர்தான் அந்தக் கிணற்றை நிரப்புகிறது. சிமென்ட் பூசிக் கசிவை நிறுத்தினால் கிணறு வற்றும். எகிப்தில் ஒரு வயலிலிருந்து வடியும் தண்ணீர் வடிகாலில் சேர்ந்து அடுத்த வயலுக்குப் போகிறது. வயல் அளவில் வீணாகத் தெரிவது நைல் பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு வீணில்லை. ஆகவே ‘சேமித்தோம்’ என்று ஒரு திட்டம் சொன்னால், அந்தத் தண்ணீர் முன்பு யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் வரும் வழியை மட்டும் கட்டி, வெளியேறும் வழியை மறந்ததும் ஒரு பழைய தவறு. பாகிஸ்தானின் சிந்துப் படுகையில் கால்வாய்க் கசிவால் நிலத்தடி நீர் மேலேறி, உப்பு மேலே வந்து, நிலம் உவராகியது. 1960 வாக்கில் தொடங்கி, தண்ணீரை இறைத்து மட்டத்தைக் குறைக்கவே தனித் திட்டங்கள் போட வேண்டியிருந்தது. வடிகாலுக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

இப்போது அளப்பது மலிவாகிவிட்டது. பயிர் எவ்வளவு தண்ணீரை ஆவியாக்குகிறது என்பதை செயற்கைக்கோள் படத்திலிருந்தே கணிக்கலாம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு ‘வாப்போர்’ என்ற இலவசத் தரவுத்தளத்தை 2017-ல் தொடங்கியது, முதலில் ஆப்பிரிக்காவுக்கும் அண்மைக் கிழக்குக்கும். எந்த வாய்க்காலின் கடைசி காய்கிறது என்பதை அதிகாரியும் மறைக்க முடியாது, தலைமடைக்காரரும் மறைக்க முடியாது. ஆனால் படம் தலைநகரத்துக் கணினியிலேயே தங்கிவிட்டால் கடைமடைக்காரருக்கு அதனால் என்ன? ஒவ்வொரு பகிர்மான வாய்க்காலின் கடைசியிலும் பெயின்ட் அடித்த அளவுகோல் ஒன்றை நட்டு, இந்தக் கோடு வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்று எழுதி வைத்தால் அது சில சமயம் செயற்கைக்கோளைவிட உரக்கப் பேசும். வழியில் போகிற எவரும் படிக்கலாம்.

ஒரு பாசனத் திட்டத்தின் அறிக்கை கையில் கிடைத்தால், அணை மட்டத்தையும் திறந்துவிட்ட நீரின் அளவையும் தாண்டிக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். கடைமடையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று ஒரு பத்தி இருக்கிறதா? பெரும்பாலான அறிக்கைகளில் அந்தப் பத்திக்கு இடமே விட்டிருக்க மாட்டார்கள்.